கரண்டு இல்லாத நாள்

முத்தையாபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள், லைன்மேனின் மனைவி, சொன்னாள்: "கரண்டு இல்லாத அன்னைக்குத்தான் எனக்குப் பயம்க்கா."

"ஏன்ளா?"

"லைன ஆஃப் பண்ணிட்டுத்தான் இவிய கம்பத்துல ஏறுவாவ. எவனாவது அனுமதி வாங்காம, லைன்லேந்து பிரிக்காம சொந்த ஜெனரேட்டர ஓட்டுனா, அந்தக் கரண்டு கம்பத்துக்கு வந்துரும்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு ஒன் வீட்டுக்காரருக்கு எங்க வேலை?"

"தருவைகுளத்துல. ஏன்க்கா?"

"எங்க ஐஸ் கடை அங்கனதான. போன வாரந்தான் ஜெனரேட்டர் மாட்டுனாவ. கரண்டு ஆபீஸ்ல அனுமதி கேட்டா இழுத்தடிப்பாவன்னு கேக்கல."

இருவரும் அவரவர் கணவருக்குப் போன் போட்டார்கள். அங்கே யாரும் எடுக்கவில்லை.

"கம்பத்துல ஏறுனா போன கீழ வச்சிருவாவ," என்றாள் இளையவள்.

மூத்தவள் மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜெனரேட்டர் ஓடுனா எங்க வீட்டுக்காரருக்குப் போன் சத்தம் கேக்காது."