கன்னத்து எலும்பு

உங்கள் அறைச் சுவரில் ஒரு பல்லி இருக்கிறது, மேடம். டியூப்லைட்டுக்குப் பின்னால். நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன், வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. போகும்போது விளக்கை அணைத்துவிடாதீர்கள். வெளிச்சம் இருந்தால்தான் அதற்குப் பூச்சி வரும்.

நான் யாரையும் நோகடிக்கிறவன் இல்லை என்பதற்காகச் சொன்னேன். என் வேலையும் அப்படித்தான். கல்லுக்குள் கிடக்கும் எலும்பைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது. பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஓர் ஊசி, காற்றழுத்தத்தில் துடிக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு துளித்துளியாகச் சுரண்ட வேண்டும். ஒரு தும்மல் வந்தால் தொலைந்தது. எங்கள் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி அக்காவுடையது, கை என்னுடையது. கூடப்பிறந்த அக்காதான். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள், இந்த வேலையில் சேர்த்துவிட்டவள். அவளுக்காக எதுவும் செய்வேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது.

பல்லி, ஓணான், அரணை எல்லாம் யாரிடமிருந்து வந்தன என்பதுதான் அவள் வாழ்நாள் கேள்வி. அதற்குப் பதில்போல ஒரு கல் வந்து சேர்ந்தது. இருபத்துநான்கு கோடி வருடம் பழையது. பிளந்ததும் இரண்டு பலகையானது. ஒன்றில் விரல் நீளத்துக்கு ஓர் எலும்புக்கூடு, மற்றதில் அதன் அச்சு. அன்று அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"இது மட்டும் பல்லிக் குடும்பமா இருந்துச்சுன்னா, உன் பேரைத்தான்டா வைப்பேன்" என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா பேரு?" என்றேன். நான் பெயருக்கு அலைகிறவன் இல்லை.

எல்லாம் ஒரே ஓர் எலும்பில் இருந்தது, மேடம். கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தின் அடியோடு தாடை மூட்டுவரை ஓடும் மெல்லிய எலும்பு. பழைய ஊர்வன சிலவற்றுக்கு அது உண்டு. பல்லிகளுக்குக் கிடையாது. அந்தக் கட்டு இல்லாததால்தான் அவற்றின் தாடை மூட்டு தாராளமாக அசைகிறது. எங்கள் கல்லில் அந்த எலும்பு இல்லையென்றால் பல்லிகளுக்கெல்லாம் மூத்தது. இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

அக்கா மாநாட்டுக்குப் போயிருந்தபோது கன்னப்பகுதியைச் சுத்தம் செய்தேன். எலும்பு இருந்தது. துடைப்பக்குச்சியின் நுனி அளவுக்கு, முழுசாக. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியை வைத்து அழுத்தினேன். தூளை ஊதிவிட்டேன்.

அச்சுப் பலகையில் அதன் பள்ளம் அப்படியே இருந்தது. அதை உடைத்திருக்கலாம். மனசு வரவில்லை. இத்தனை காலம் பிழைத்துக் கிடந்த ஒன்றை எப்படி உடைப்பது? கிடங்கின் உச்சி அடுக்கில் வைத்துவிட்டு, "அதுல கன்னம் சரியா பதியலக்கா" என்றேன். நம்பினாள். தம்பியை நம்பாமல் யாரை நம்புவாள்?

கட்டுரை வந்தது. கூடத்தின் நடுவில் கண்ணாடிப்பெட்டி வைத்தார்கள். 'எல்லாப் பல்லிகளுக்கும் மூத்தது' என்று அட்டை, கீழே என் பெயர் சேர்ந்த அதன் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார்கள். கண்ணாடி துடைப்பது என் வேலை இல்லை, ஆனாலும் தினமும் நானே துடைத்தேன்.

போன மாதம் வேறோர் ஆய்வகத்தில் அதே பிராணியின் இன்னோர் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் கன்னத்தில் எலும்பு இருந்தது. அக்கா எங்கள் கல்லை நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது உன் ஊசித்தடம்தானே?"

தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சரி, விடு. நான்தான் ஒழுங்கா பாக்கலன்னு எழுதிடறேன். உன்னை இழுக்க மாட்டேன்."

"பேரு என்னக்கா ஆகும்?"

"பேரு எங்கயும் போகாதுடா. மூத்த பல்லின்னு சொல்லிக்க முடியாது, அவ்ளோதான். அந்த அச்சுப் பலகைய எடு, அதையும் படம் எடுத்துப் போட்டுடலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் கவலை. நாலு பேர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்களே, கட்டிக் காத்த மதிப்பெல்லாம் மண்ணாகிவிடுமே என்று. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு தம்பி சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கிடங்கில் சக்கரம் வைத்த ஏணி. எனக்கு இடுப்புப் பிடிப்பு என்றேன். அவளே ஏறினாள்.

"பிடிச்சுக்கோடா."

"பிடிச்சிருக்கேன்கா. கல்லை முதல்ல குடுத்துடு. ரெண்டு கையாலயும் பிடிச்சு இறங்கலாம்."

உச்சிப்படியிலிருந்து குனிந்து, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். வாங்கி, பஞ்சு விரித்த தட்டில் வைத்தேன். பிறகு சக்கரப் பூட்டைக் காலால் எடுத்துவிட்டு ஏணியைத் தள்ளினேன். தரை சிமெண்ட்.

அவள் உடனே போகவில்லை. "தம்பி" என்று கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்கா" என்றேன். கல்லை மேசைக்குக் கொண்டுபோய், அந்தப் பள்ளத்தில் பசையும் கல்தூளும் குழைத்து நிரப்பினேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். வேலையைப் பாதியில் விட முடியாது, பசை இறுகிவிடும். திரும்பிப் போனபோது சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பசை ஈரமாக இருந்ததை நீங்கள் மட்டும் தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், அக்காவின் மதிப்பு இன்றைக்கும் நின்றிருக்கும்.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். நான்தான் கொன்றேன். அவள் மானத்துக்காக.

ஒன்றே ஒன்று, மேடம். பெட்டிமேல் இருந்த 'எல்லாப் பல்லிகளுக்கும் மூத்தது' என்ற வரியை எடுத்துவிட்டார்களாம். இப்போது என் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கிறதாம். அந்த வரியைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். எனக்காக இல்லை. அக்கா இருந்தால் அவளே கேட்டிருப்பாள்.