எண்ணூறு ரூபாய்க் கேமரா

— எண்ணூறு ரூவாய்க்கு எங்கம்மாவ வாங்கி வச்சிருக்கீக, அண்ணாச்சி. திருப்பிக் குடுங்க.

— யாத்தா, காலங்காத்தால கடைக்கு வந்து என்ன பேச்சுப் பேசுற. குருசாமி பழைய சாமான் வாங்குறவன். தேனி பஜார்ல யாரை வேணா கேளு, ஆள் வாங்கினான்னு எவனும் சொல்ல மாட்டான்.

— நேத்துக் காலையில போடியில எங்க வீட்டுல பழைய பீரோவெல்லாம் எடுத்தீகல்ல. அதோட ஒரு கேமரா.

— அட, ஏலக்காய்க் கமிஷன் கடை கிறிஸ்டோபர் மக மகிமாதான நீயி. கேமராவுக்கு ஐநூறுன்னேன், எண்ணூறுல அசையாம நின்னியே. பேரத்துல உங்கப்பாரைத் தூக்கிச் சாப்பிட்டுருவ.

— அந்தக் கொழுப்புக்குத்தான் இப்ப அழுகுறேன். ராத்திரி அப்பாகிட்ட அதைப் பெருமையாச் சொன்னேன். சோத்துல வச்ச கைய எடுத்துட்டு எந்திரிச்சுட்டாக. அதுக்குள்ளதான் உங்கம்மா இருக்கான்னாக.

— கேட்டுக்க தாயி. வித்துட்டு மறுநாள் வந்து செத்தவுக கதையச் சொல்லிக் கேக்குறவுக நெறையப் பேரு. போன வாரம் ஒருத்தரு கிரைண்டருக்கு அழுதாரு. இப்ப வெலை ரெண்டாயிரம்.

— ரெண்டாயிரம் தாரேன், கதையும் சொல்றேன். என்னையப் பெத்த நாலாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாக. கல்யாண ஆல்பத்த அப்பா சவப்பெட்டிக்குள்ள அவுக கூடவே வச்சு மூடிட்டாக. வீட்டுல வேற படம் கிடையாது. என் மூஞ்சி அம்மா சாடையான்னு எனக்கே தெரியாது. துபாய் மாமா பிலிம் போட்டு, பெட்டியோட குடுத்த கேமராவாம் அது. அம்மா என்னைய மடியில வச்சிருந்ததை அப்பா அதுல அஞ்சு படம் எடுத்தாகளாம். பிலிமக் கழுவ மனசு வராம இருபத்தேழு வருசம் பூட்டி வச்சிருக்காக.

— பிலிமா. அந்தப் பிலிம்லயா உங்கம்மா.

— ஏன் அண்ணாச்சி, ஒரு மாதிரி ஆயிட்டீக?

— நீ மொதல்ல உக்காரு.

— சொல்லுங்க.

— பேட்டரி போட எடம் தேடினேன், இல்ல. மேல கறுப்பா சோலார் தகடு மட்டும் இருந்துச்சு. செத்த சாமான்னு நெனச்சு மாடியில மொளகா காயுற பாய் ஓரமா வச்சேன். ரெண்டு மணி நேரம் வெயில் குடிச்சதும் உசுரு வந்துருச்சு. அமுக்கினா கர்ர்னு சத்தம். எம் பொண்டாட்டி மாயக்காளை ரெண்டு படம் புடிச்சேன். பெறகு, நாங்க மூட்டையப் பிரிக்காம சரக்கு வாங்குற பரம்பரை இல்ல தாயி. உங்கப்பாரு குத்தூசி போட்டு ஏலக்காய உருவிப் பாக்குறதில்லையா. அந்தக் கைப்பழக்கம்.

— தொறந்துட்டீகளா.

— பின்னால மூடியத் தொறந்தேன்.

— வெயில்லயா.

— உச்சி வெயில்ல. பேசு தாயி. வையி. செருப்பக் கழத்தி அடி. இப்படிப் பாக்க மட்டும் பாக்காத.

— இருங்க. கோட்டயத்துல என் சிநேகிதி ஏஞ்சல் பிலிம் கழுவுறா. அப்பா சொன்ன பேரை வச்சு ராத்திரியே அந்தக் கேமராவப் பத்திப் படிச்சிட்டா. ஸ்பீக்கர்ல போடுறேன். ஏஞ்சல், அண்ணாச்சி தொறந்துட்டாகடி.

— கரையண்டா மகிமா, அழாமக் கேளு. சேட்டா, தொறந்தப்ப பிலிம் டப்பாக்குள்ள இருந்துச்சா, வெளிய சுருண்டிருந்துச்சா?

— பூராவும் வெளியதான் தாயி. டப்பாக்குள்ள கொஞ்சூண்டு போயிருந்தா உண்டு.

— அப்ப சாரமில்ல, பயப்படாத. அந்தக் கேமரா, பிலிம் போட்டதுமே மொத்தத்தையும் வெளிய சுத்தி வச்சுக்கும். ஒரு படம் எடுத்தா, அந்த ஒண்ணு டப்பாக்குள்ள போயிரும். எடுத்தது உள்ள பத்திரமா இருக்கும். வெயில் பட்டதெல்லாம் எடுக்காத பிலிம்.

— அண்ணாச்சி, கேட்டீகளா.

— கேட்டேன். போன உசுரு திரும்பி வந்துச்சு. ரெண்டாயிரமும் வேணாம், எண்ணூறும் வேணாம். எடுத்துட்டுப் போ தாயி.

— சேட்டா, மூடியத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சன்னல்ல நம்பர் பாத்தீங்களா?

— பாத்தேனே. இருபத்துநாலுன்னு இருந்துச்சு. மாயக்காளைப் புடிச்சதும் இருபத்துமூணு, அடுத்து இருபத்திரெண்டு. பின்னால ஓடுற கடியாரம்போலன்னு சிரிச்சோம்.

— மகிமா.

— என்னடி.

— அது மிச்சத்தைக் காட்டுற நம்பர். மொத்தப் பிலிமே இருபத்துநாலுதான்.

— இருக்காது. அப்பா அஞ்சு எடுத்தாக. துளி சத்தம் வரல, தூங்குற பிள்ளை முழிக்கல, அப்படியாப்பட்ட கேமரான்னு ராத்திரி கூடச் சொன்னாக.

— சத்தம் வருமே தாயி. எங்க தெருவுக்கே கேட்டுச்சு.

— பெட்டிக்குள்ள இருந்த கேமரா வெளிச்சம் குடிக்காம முழிக்காது மகிமா. அப்ப அங்க வெயில் அடிச்சுதா?

— ஐப்பசி. நான் பொறந்த வாரம் பூரா அடைமழைன்னு எல்லாரும் சொல்லுவாக.

— நான் வைக்கிறேன்டி. பெறகு கூப்பிடு.

— தண்ணி குடி தாயி. எம் மேல தப்பில்லன்னு ஆயிருச்சு. ஆனா தப்பு இருந்திருந்தாத் தேவலைபோல இருக்கு.

— அப்பா கூப்பிடுறாக. கெடச்சுதான்னு கேப்பாக.

— என்ன சொல்லப் போற?

— தெனமும் அந்த அஞ்சு படத்தை நெனச்சுத்தான் கண்ணை மூடுறாகளாம். எடுக்கவே இல்லன்னு எப்படிச் சொல்ல. அண்ணாச்சி, ஒரு பேரம்.

— பேசு.

— நீங்க தொறந்து கெடுத்துட்டீகன்னு சொல்லிக்கிறேன்.

— உங்கப்பாரு ஆயுசுக்கும் வைவாரே. போடிக்குள்ள சரக்கெடுக்கக் கால் வைக்க முடியாதே நானு.

— முடியாதுதான்.

— போனைக் குடு, நானே சொல்றேன். நீ கணக்கை மட்டும் மனசுல வச்சுக்க: கேமராவுல இருப்பு மாயக்காள் படம் ரெண்டு, உங்கப்பாருக்குக் குருசாமி தர வேண்டிய பாக்கி உங்கம்மா படம் அஞ்சு.