சாவி தொலைஞ்ச வாரம்

இல்ல சிஸ்டர், அங்கயே நில்லுங்க. வாசப்படி தாண்ட வேணாம். மரியாதை இல்லாம பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க, தூறல் போடுதுன்னு எனக்கும் தெரியுது. அந்தக் கூரைக்குக் கீழ கொஞ்சம் ஒண்டிக்குங்க. மாஸ்க்க மட்டும் எறக்கிடாதீங்க. ஆமா, வெளிய நின்னாலும்தான்.

எங்க வீட்டுக்காரரு ஷேன் மாடியில குளிச்சிட்டிருக்காரு. அவரு ஒடம்பு முழுக்க நனையறதுக்கே ஒரு குளம் வேணும், இப்பதான் உள்ள போனாரு. வந்ததும் மூக்குல குச்சிய விட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னிக்கு எடுத்தா ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குள்ள ரிசல்ட் வந்துடும்ல? வந்துடுமா. சரி.

டீயா? குடுக்க மாட்டேன் சிஸ்டர். சிரிக்காதீங்க. இந்த யார்க்‌ஷயர்லயே வாசல்ல நிக்கிறவங்களுக்கு ஒரு டீ ஊத்திக் குடுக்காதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்கம்மா பாத்திருந்தா தலையில அடிச்சிட்டிருப்பா.

க்ளப்புல உங்களத்தான் வெரட்டுனாங்களா? திங்கக்கிழமை கொரோனா டெஸ்ட்டுக்கு எல்லாரும் வந்தாச்சு, ஷேன் ஹெப்வொர்த் மட்டும் வரல, வீட்டுக்கே போயி எடுத்துட்டு வான்னு. என்ன பண்றது, கார் சாவி தொலைஞ்சு போச்சு. ரெண்டாவது சாவிய போன வருஷமே எங்கயோ போட்டுட்டாரு. கூட ஆடற பசங்க கார்ல ஏறிப் போகலாம்னா, ஒரு கார்ல ரெண்டு பேர் வரக்கூடாதுன்னு உங்க சட்டம். களத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து பொரளலாம், மூஞ்சியோட மூஞ்சி ஒரசலாம், கார்ல பக்கத்துல உக்காரக் கூடாது. அதை எழுதுனவனுக்குக் கையில தங்கக் காப்புதான் போடணும்.

கருகுற வாசனையா? இங்கயா? அய்யோ, ரொட்டி! இருங்க இருங்க.

...கரியாப் போச்சு. பரவால்ல, நீங்க சொன்னதால அடுப்பாவது தப்பிச்சுது. என்ன பேசிட்டிருந்தோம்? ஆ, சாவி.

அவரு தேடுன தேடல நீங்க பாத்திருக்கணும். சோபாவத் தலைகீழா கவுத்தாரு. குப்பத் தொட்டியக் கொட்டித் துழாவுனாரு. கடைசியில மாடிப்படியில உக்காந்துட்டு, எங்க வெச்சேன்னு தெரியல கெர்ரி, எங்க வெச்சேன்னே தெரியலன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. லீட்ஸ்லேருந்து ஹல் வரைக்கும் இவரு மோதி வராதவன் கிடையாது, அந்த ஆளு ஒரு சாவிக்காக அழுவுறாரு. நான் தோளத் தடவி விட்டுட்டு நின்னேன். வேற என்ன பண்ண முடியும் என்னால?

பொண்ணு இருக்கா, எல்சி. ஏழு வயசு. இப்ப எங்கக்கா வீட்டுல விட்டிருக்கேன், ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. வால் அவ. அவ இருந்திருந்தா உங்க வேன்ல ஏறி ஹாரன அடிச்சிருப்பா.

உங்களுக்கு ரக்பி புடிக்குமா? நெசமாச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஃபுட்பாலா. ம், போகட்டும், யாருக்குத்தான் கொறையில்ல. எங்க ஆக்தோர்ப்ல பொறந்த குழந்தைக்கு மொதல்ல க்ளப் தொப்பி போட்டுத்தான் போட்டோ எடுப்பாங்க. ஷேன் அந்த டீமோட முன்வரிசை ஆளு. பதினாலு சீசன். முன்வரிசைன்னா வேலை ஒண்ணுதான், பந்தத் தூக்கிக்கிட்டு எதிர்ல வர்ற மூணு பேர் மேல போயி மோதணும். விழணும். எந்திரிச்சு மறுபடி மோதணும். வெளிய தெரியற மாதிரி மூக்கு ஒடைஞ்சா நல்லதுன்னு நெனைச்சுக்குவேன். உள்ள ஒடையறதுதான் பயம்.

மார்ச் மாசம் சீசன நிறுத்துனாங்க பாருங்க, எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஊரே சாவப் பாத்து நடுங்குது, நான் மட்டும் புருஷன் வீட்டுல இருக்கான்னு கேக் செஞ்சேன். அதுக்கு முன்னாடி அவர நான் எங்க பாத்தேன்? காலையில ப்ராக்டிஸ், சாயங்காலம் ஐஸ் தொட்டி, வாரக் கடைசி மேட்ச். மணியடிச்சாப்பல ஓடற வண்டி. வண்டி நின்னப்புறம்தான் உள்ள என்ன கழண்டிருக்குன்னு தெரிஞ்சுது.

மொதல்ல சின்னச் சின்னதா. கெட்டில்ல தண்ணி ஊத்தாமயே போட்டுடுவாரு. எல்சிக்கு ஒரு கால்ல ஷூ மாட்டிட்டு இன்னொண்ணக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாரு. அட, யாருக்குத்தான் மறக்கல, வீட்டுலயே அடைஞ்சு கெடந்தா எல்லாருக்கும் கிறுக்குப் புடிக்கும்னு நானும் சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் அந்தக் கைதட்டல். வியாழக்கிழமையானா எட்டு மணிக்கு எல்லாரும் வாசல்ல வந்து நின்னு உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத் தட்டுனோமே, ஞாபகம் இருக்கா? நான் முதியோர் இல்லத்துல வேலை பாக்குறவ, அதனால எங்க தெருவுல எனக்கும் சேத்துத் தட்டுவாங்க. கரண்டி, தட்டு, ஒரே சத்தம். திடீர்னு எங்க வீட்டுக் கதவத் தொறந்துக்கிட்டு ஷேன் ஓடி வர்றாரு. க்ளப் ஜெர்சி, முள்ளு வெச்ச பூட்ஸ், வாயில பல்லுக்கவசம். கையத் தூக்கி நாலா பக்கமும் ஆட்டிக்கிட்டே தெரு நடுவுல வந்து நின்னாரு. ஜனங்களுக்குக் குஷி தாங்கல. எதுத்த வீட்டு ஆளு விசில் அடிச்சாரு, ஷேன், இன்னிக்கு யாரக் கவுக்கப் போறேன்னு கத்துனாரு. நம்மள சிரிக்க வெக்கத்தான் வேஷம் கட்டி வந்திருக்கான்னு நெனைச்சாங்க.

நான் அவரு கண்ணப் பாத்தேன் சிஸ்டர். அவரு டீமத் தேடிக்கிட்டிருந்தாரு.

ம்? அந்தச் சத்தமா? இருமல்தான். குளிக்கும்போது தண்ணி தொண்டையில போயிருக்கும்.

டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. அதுலதான் இருக்கு வேடிக்கை. சீசன் ஆரம்பிக்கிறப்ப தலைக்கு ஒரு டெஸ்ட் வெப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு வார்த்தை காட்டுவாங்க, அதத் திருப்பிச் சொல்லணும். படம் மாறுனா பட்டனத் தட்டணும். அதுக்கு ஒரு மார்க். அப்புறம் மேட்ச்சுல தலையில அடி விழுந்தா அதே டெஸ்ட். பழைய மார்க்குக்குக் கீழ போனா வெளிய உக்காரணும். ஆடியே தீரணும்னு நிக்கிறவன் என்ன பண்ணுவான்? மொத டெஸ்ட்டுலயே வேணும்னே மக்கு மாதிரி தட்டி வெச்சுடுவான். அப்புறம் எவ்வளவு அடி விழுந்தாலும் மார்க் அதுக்குக் கீழ போகாதுல்ல. முன்வரிசை ஆளுங்க நெறையப் பேர் அப்படித்தான். வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாரு, இன்னிக்கும் நான் முட்டாளா பாஸாயிட்டேன் கெர்ரின்னு. நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன்.

ஜூலையில சீசன மறுபடி தொடங்குறோம்னாங்க, அந்த டெஸ்ட்ட மறுபடி வெச்சாங்க. இந்தத் தடவ நான் அவர எல்சி தலையில அடிச்சு சத்தியம் பண்ண வெச்சேன். ஏமாத்தக் கூடாது, முழு மூளையும் போட்டுப் பண்ணுன்னு. பண்ணுனாரு. வேர்த்துக் கொட்டிப்போய் வீட்டுக்கு வந்தாரு, என்னால முடிஞ்சதெல்லாம் போட்டுட்டேன் கெர்ரின்னாரு.

அதே மார்க்.

புரியுதா சிஸ்டர்? பதிமூணு வருஷமா வேணும்னே மக்கா நடிச்சு வாங்குன அதே மார்க். க்ளப் டாக்டர் அவரு முதுகுல தட்டி, பழைய திருடா, நீ திருந்தவே மாட்டியான்னாராம். அடுத்த நாளே நான் போயி டாக்டர் கார மறிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணாடிய ரெண்டு விரக்கடை எறக்குனாரு. எல்லாத்தையும் கொட்டுனேன். மார்க் கொறையலயேம்மா, கொறையாத மார்க்க வெச்சு நான் அவன எப்படி ஒக்கார வெக்கிறதுன்னாரு. அவரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. பொய்ய எழுதி எழுதி வெச்சது நாங்கதானே.

ஷேன்கிட்ட சொன்னா, இந்த ஒரு சீசன் கெர்ரி, பசங்களுக்கு ஆளில்லங்கிறாரு. அதுவும் நெசந்தான். முன்வரிசையில ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் ஒதுங்கி இருக்கான், ஒருத்தனுக்குத் தோள் போச்சு. கோச் தெனம் போன் அடிக்கிறாரு.

ஆளே இல்லாத மைதானத்துல மேட்ச் நடத்துறாங்கள்ல, டிவியில கூட்டத்தோட சத்தத்த சேத்துப் போடுறாங்க. நான் அத நிறுத்திட்டுப் பாப்பேன். அப்ப பசங்க ஒருத்தருக்கொருத்தர் கத்துறதெல்லாம் கேக்கும். ஷேன், இந்தப் பக்கம். ஷேன், நம்ம கோடு அங்க. இந்த வருஷம் தொத்திக்கும்னு ஸ்க்ரம்மையே எடுத்துட்டாங்க, அதான் தோளோட தோள் கோத்துத் தள்ளுவாங்களே, அது. போன வாரம் பந்து வெளிய போனதும் எல்லாரும் அவனவன் எடத்துக்கு ஓடிட்டான். இவரு மட்டும் குனிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, பக்கத்துல யாராவது வந்து கோத்துக்குவாங்கன்னு நின்னுக்கிட்டிருக்காரு. டிவியில பேசறவன், பழைய பழக்கம் போகாதுன்னு சொல்லிச் சிரிக்கிறான்.

நான் டிவிய அணைச்சுட்டேன்.

தலை டாக்டர் ஒருத்தர் தேதி குடுத்திருக்காரு, லீட்ஸ்ல, அடுத்த மாசத் தொடக்கத்துல. மண்டைக்குள்ளயே படம் எடுத்துப் பாப்பாங்களாம், அதுல யாரும் நடிக்க முடியாது. அதுவரைக்கும் இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடிகூட விழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கால ஒடிச்சுப் போட்டுடலாமான்னுகூட யோசிச்சேன். சிரிக்கிறீங்க. படியில எண்ணெய் பாட்டிலோட நின்னிருக்கேன் சிஸ்டர், ஒரு நாள் காலையில.

மறுபடியும் இருமுறாரு. கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு.

எங்க இல்லத்துல மேல் மாடிய மூடி வெச்சாங்க, போன வாரத்துக்கு முந்தின வாரம். அஞ்சு பேருக்கு வந்துடுச்சு. அங்க போக ஆளில்ல, எல்லார் வீட்டுலயும் குழந்தை இருக்கு, பெருசுங்க இருக்கு. நான் போறேன்னு கையத் தூக்குனேன். மேனேஜர் என்னக் கும்பிடாத கொறை. எல்சிய அன்னிக்கே அக்கா வீட்டுல விட்டுட்டேன். மேல மிஸஸ் ஆடின்னு ஒரு பாட்டி, மூச்சு விட முடியாம தவிச்சுது. கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது என் மொகத்தப் பாக்கணும்னுச்சு. மாஸ்க்க எறக்குனேன். குனிஞ்சு நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன். அன்பாத்தான் குடுத்தேன், நம்புங்க. அன்பு மட்டும் இல்ல, அவ்வளவுதான்.

ரிசல்ட் இன்னிக்குக் காலையில போன்ல வந்துச்சு. ஆமா. எனக்குத்தான். வாசனை சனிக்கிழமையே போயிடுச்சு, அதான் ரொட்டி தீஞ்சது தெரியல. பின்னால போகாதீங்க சிஸ்டர், நீங்க நிக்கிற எடத்துல ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தானே உங்கள உள்ள விடல. உங்க சட்டம் என்ன சொல்லுது? வீட்டுல ஒருத்தருக்கு வந்தா எல்லாரும் ரெண்டு வாரம் வெளிய தலை காட்டக் கூடாது. ரெண்டு வாரம். அது முடியறதுக்கும் லீட்ஸ் தேதி வர்றதுக்கும் சரியா இருக்கும். டாக்டராலயும் முடியல, கோச்சாலயும் முடியல, சத்தியத்தாலயும் முடியல. சட்டம் ஒக்கார வெக்கட்டும்னு பாத்தேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் அவர ப்ராக்டிஸுக்கு விட முடியாதுல்ல? அடியும் விழக்கூடாது, மத்த பசங்களுக்கும் போயிடக் கூடாது, அவங்க வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கு.

சாவி மாவு டப்பாக்குள்ள இருக்கு.

அவருக்கு வரக்கூடாதுன்னுதான் சிஸ்டர் எல்லாம் பண்ணுனேன். தனித் தட்டு, தனி டம்ளர். எனக்குச் சளி, நீ எல்சி ரூம்ல படுத்துக்கோ, கிட்ட வராதன்னு தெனமும் சொல்லுவேன். சரி கெர்ரின்னு தலைய ஆட்டிட்டுப் போவாரு. காலையில முழிச்சுப் பாத்தா எம் பக்கத்துல படுத்துக் கெடக்காரு. என் தோள்ல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு. ஏன் வந்தன்னு கேட்டா, எங்க போகச் சொன்னன்னு கேக்குறாரு.

எல்லாத்தையும் யோசிச்சேன். இத யோசிக்கல.

தண்ணி நின்னுடுச்சு, வந்துடுவாரு. குச்சிய நல்லா ஆழமா விட்டு எடுங்க, அவரு தாங்குவாரு. சாவி விஷயம் மட்டும் வேணாம். அவருதான் தொலைச்சாருன்னே இருக்கட்டும்.

ஷேன், மெதுவா எறங்கி வா கண்ணா. சிஸ்டர் வந்திருக்காங்க. இல்லப்பா, மேட்ச் இன்னிக்கு இல்ல. பூட்ஸக் கழட்டிட்டு வா.