தம்பி எழுதும் ராட்சசி

ஓசூரில் ஷிப்ட் முடிந்து கெலமங்கலம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என் தம்பி அவன் பொண்டாட்டியை நாவல்ல ராட்சசியாவே ஆக்கிட்டான்டி!"

"போர்ச்சுகல்ல வேலை வெட்டி இல்லாம சுத்திட்டிருக்கானே, அவனா?"

"அவனேதான். அவ சம்பாதிக்கிறா, அவ சொன்னாத்தான் இவன் வெளியவே போவான். இங்க இருந்தவரைக்கும் நான் மேய்ச்சேன், இப்ப அவ மேய்க்கிறா."

"அவ படிச்சா விடுவாளா?"

"மைசூர்க்காரி. தமிழ்ல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அந்த தைரியத்துல எழுதி எழுதி எனக்கு மட்டும் அனுப்புறான்."

"நீ என்ன பண்ணே?"

"அவளுக்கு போன் போட்டு, கன்னடத்துல வரி விடாம சொல்லிட்டேன்!"

"அய்யய்யோ! அழுதாளா?"

"விழுந்து விழுந்து சிரிச்சா. அடுத்தது எப்ப வரும்னு கேட்டா."

என் ஸ்டாப் போய்விட்டது. நான் எழவில்லை.

அவள் போன் அடித்தது. இரைச்சலில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ரெண்டு நாளா இவ ரொம்ப அன்பா பேசுறா. பயமா இருக்கு."

"அதையும் எழுதுடா," என்றாள் அக்கா. "எழுதி உடனே எனக்கு அனுப்பு."