நிழல் விழாத பலகை

எங்கள் பள்ளியில் காபி எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் தந்தது பரவாயில்லை.

முதலில் அந்தப் புரொஜெக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழையவற்றைப் போல அது அறை நடுவே தொங்காது. வெள்ளைப் பலகைக்கு மேலே, சுவரிலிருந்து நீளும் இரும்புக் கையில் உட்கார்ந்திருக்கும். கைக்குழந்தையைவிடக் கனமான பெட்டி. உள்ளே இருக்கும் வளைந்த கண்ணாடி ஒளியை நேரே கீழே சரிக்கும். பலகையை ஒட்டி நின்று விரலால் எழுதினாலும் நம் நிழல் படத்தில் விழாது.

"பாத்தியாடி தோரா, பேய் மாதிரி நிழலே இல்லாம நிக்கறேன்" என்று முதல் நாள் விபெக்கா சிரித்தாள். அந்தப் பள்ளி ஆசிரியைகளில் எனக்கு இருந்த ஒரே தோழி அவள்.

யாராவது பெட்டியை இடித்தால் படம் கோணிவிடும். மூலைகளில் தோன்றும் புள்ளிகளைத் தொட்டு நிமிர்த்த வேண்டும். விபெக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எட்டி, இரண்டு கையாலும் பெட்டியை இழுப்பாள்.

"அது மாட்டுக் கொம்பு இல்லடி."

"நேரானா சரி. உன்னை யாரு கேட்டா?"

பிறகு எங்கள் தீவில் பிள்ளைகள் குறைந்தார்கள். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்றார்கள். ஆளுக்குப் பாதி நேரம் கேட்போம், தனியாக யாரும் போய்ப் பேசக் கூடாது என்று என் சமையலறையில் கைகொடுத்து முடிவு செய்தோம். அவள் தனியாகப் போனாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

தலைமையாசிரியர் ஹோல்கர்தான் சொன்னார். "மறைச்சிருக்க வேண்டாம் தோரா. அந்தப் பலகை உங்களுக்குக் கைவரவே இல்லைன்னு விபெக்கா சொன்னா. பாவம், உங்களுக்காக அழுதா."

பலகையை அவளுக்குக் கற்றுத்தந்தவள் நான். அதை ஹோல்கரிடம் சொல்லவில்லை. எங்கள் தீவில் குரலை உயர்த்தினால் அடுத்த படகு கிளம்புவதற்குள் அக்கரைக்கும் தெரிந்துவிடும்.

விடைபெறுபவரைப் பற்றிப் பழகிய மெட்டில் புதுப்பாட்டு எழுதி, எல்லோரும் சேர்ந்து பாடுவது டேனியர் வழக்கம். எனக்கான பாட்டை எழுதியவள் விபெக்கா.

"உன் வகுப்புப் பலகையிலயே போட்டுடறேன், சரியா?"

"போடு" என்றேன்.

விடைபெறும் நாளன்று காலை நான் முன்னதாகவே போனேன். பெட்டியைத் தாங்கும் திருகாணிகள் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். தளர்த்தினேன். பிடி விட்டால் தாங்குவதற்கென்று ஒரு கம்பிக் கயிறு உண்டு, அதையும் கழற்றினேன். மூடியைப் பொருத்திவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான்.

கேக் நன்றாக இருந்தது. மேசையில் சின்னக் கொடிகள் நட்டிருந்தார்கள். பாட்டு பலகையில் வந்தது, வரிகளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து. முதல் அடியிலேயே, நிழல் விழாமல் எழுதத் தனக்குக் கற்றுத்தந்தவள் தோரா என்று எழுதியிருந்தாள். ஹோல்கரும் அதைச் சத்தமாகப் பாடினார்.

பாடிக்கொண்டே விபெக்கா சாய்ந்த வரிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, குதிகாலை உயர்த்திப் பெட்டியை எட்டினாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன படகு அக்கரை சேர்வதற்குள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பெட்டியை இழுக்காதே என்று அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றும் சொல்லியிருப்பேன். எனக்காக எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது.