காக்கை முனையின் வெள்ளைக் கற்கள்

ஒரு காலணியைத் திருப்பிப் பார்த்தால், அதைப் போட்டவர் எங்கெல்லாம் போய் வந்தார் என்று என்னால் சொல்லிவிட முடியும். இதில் மந்திரம் எதுவும் இல்லை, நீதிபதி அம்மா. நாற்பத்தொரு வருடம் ஒரே கடையில் குனிந்து உட்கார்ந்து அடித்தோல் மாற்றினால் உங்களுக்கும் வந்துவிடும். சந்தைக்கு மட்டும் போகும் காலணி குதிகாலில் தேயும். மலைக்குப் போவது முனையில் தேயும். சுண்ணாம்புப் பாறை அதில் பூனை பிறாண்டியது போலக் கோடு போட்டிருக்கும். ஊர்க் காலணி அத்தனையையும் பார்த்த நான், என் வீட்டுக் கதவோரம் கிடந்ததை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

காக்கை முனைக்குப் போகும் வழியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் இந்தத் தீவில் பிறந்தவர்தான். ஓக் காடு முடிந்ததும் வெறும் பாறை. பாறையில் தடம் விழாது, அதனால்தான் வழிகாட்டக் கல்குவியல்கள். ஒன்றின் பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொள்வது மலைச் சங்கத்தில் என் பொறுப்பு. போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போவார்கள். இருப்பதைக் கலைப்பவனோடு எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள்.

பல வருடங்களாக அந்தக் குவியல்களின் உச்சியில் வெள்ளைக் கூழாங்கற்கள் இருக்கும். கடற்கரைக் கற்கள், மலையில் கிடைக்காதவை. யாரோ கீழேயிருந்து சுமந்து வருகிறார்கள். காற்றில் விழுந்து கிடந்தால் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன்.

"யாரோ நல்ல மனுஷன் வைக்கிறான்," என்று ஒருநாள் சாப்பிடும்போது மார்கலிதாவிடம் சொன்னேன்.

"ஏன், மனுஷியா இருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

மார்கலிதா என் மனைவி. உயரம் என்றாலே தலை சுற்றும் என்பாள். முப்பத்து மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னோடு மலைக்கு வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் நுரையீரலில் நோய் வந்து போய்ச் சேர்ந்தாள்.

கோரி என் பள்ளித் தோழன். மலையில் எப்போதும் எனக்கு முன்னால் போவான். உச்சியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஆமை வந்து சேந்துச்சா?" என்பான். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. வயதாக ஆக அவன் கண் கெட்டது. நடுவில் இருட்டு, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம். எதிரே நிற்பவர் முகம் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் ஆள் நிற்பது மட்டும் தெரியும். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னான். சங்கத்துக்குத் தெரிந்தால் மலைப்பக்கமே விட மாட்டார்கள் என்று பயந்தான்.

மார்கலிதா இறந்த அடுத்த செப்டம்பரில் நாங்கள் இருவரும் அந்தக் காலத்தில் பனியைச் சேர்த்து வைத்த பழைய பனிக்கிடங்கின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டி, கொஞ்சம் ஆலிவ், கடல்சோம்பு ஊறுகாய். எல்லாம் நான் கட்டிக்கொண்டு வந்தது.

"ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியேடா, தொமேவு?" என்றான் கோரி.

"உன் வாய்க்குக் கோவிச்சுக்கிறதா இருந்தா நான் எப்பவோ ஊரை விட்டே போயிருக்கணும். சொல்லு."

"அந்த வெள்ளைக் கல்லெல்லாம் மார்கலிதா வச்சதுடா. புதன்கிழமை தோறும் நாங்க ரெண்டு பேரும் ஏறுவோம். நீ கடையில இருப்ப."

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு இருக்கும். தப்பா ஒன்னும் இல்லடா, சத்தியமா. அவளுக்கு மேல நின்னு கடலைப் பாக்கணும், அவ்வளவுதான். உன்னக் கூட்டிட்டுப் போனா கல்லு, காத்து, வழின்னு பாடம் எடுப்பியாம், நிம்மதியாப் பாக்க விட மாட்டியாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"தலை சுத்தும்னு சொல்லுவாளே."

"உன் பின்னால நடந்தா சுத்தும்பா," என்றான். அவனும் சிரித்தான். அன்போடுதான் சிரித்தான்.

தப்பாக ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இதை நீங்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தப்பு நடந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பன்னிரண்டு வருடம் அவர்கள் சிரித்துவிட்டுப் போன கல்லை நான் குனிந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அதுதான் எனக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து அவள் காலணியைத் திருப்பினேன். முனை தேய்ந்திருந்தது. கோடுகள் இருந்தன.

அக்டோபரில், அவளுடைய கிழமையில் ஒருமுறை முனைக்குப் போய்வர வேண்டும் என்று கோரி கேட்டான். அடுத்த வருடம் ஓர வெளிச்சமும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை காலை நான் தனியாக ஏறினேன். பனிக்கிடங்கைத் தாண்டியதும் வழி வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் இடுப்புயரப் புல் சரிவு. புல் முடியும் இடத்தில் மலையும் முடிந்துவிடும், ஆனால் புல்லில் நிற்பவருக்கு அது தெரியாது. வலப்பக்கக் குவியலிலிருந்து மூன்று கல்லை எடுத்து, இடப்பக்கம் நாற்பது அடி தள்ளி, புல் ஓரத்தில் அடுக்கினேன். உச்சியில் ஒரு வெள்ளைக் கல். வலப்பக்கம் இருந்த வெள்ளைக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. நான் அதை ஏற்பாடு செய்யவில்லை.

"எனக்கு முட்டி வலிக்குதுடா," என்றேன், பனிக்கிடங்கில். "நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

"வழி தெரியணுமே."

"வெள்ளைக் கல்லைப் பாத்துப் போ. புதுசா வச்சிருக்கேன்."

கோரி கையை நீட்டித் தேடி என் தோளைப் பிடித்தான். "மனசு ஆறிடுச்சாடா?"

"ஆறிடுச்சு."

"நீ தங்கம்டா, ஆமை."

தடியால் பாறையைத் தட்டிக்கொண்டே போனான். டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. புல்லில் தட்டினால் சத்தம் வராது. அதனால் சத்தம் நின்றபோது அவன் புல்லுக்குள் போய்விட்டான் என்று புரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் திரும்பக்கூடிய தூரம்தான். நான் என் பங்கு ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். அவன் பங்கைத் துணியில் மடித்து வைத்தேன். அதன் பிறகுதான் கீழே தொலைபேசியில் சொன்னேன்.

கண் தெரியாதவர் தடுமாறி விழுந்தார் என்று முடிவானது. நான் எதையும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அவன் விழுந்த இடத்தைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் அந்த மூன்று கல் மேல் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது கோரியின் நினைவுக்கல். வெளியூர்க்காரர்களுக்கு அது வழி. அவர்களும் வைத்தார்கள். வசந்தம் வருவதற்குள் என் நெஞ்சுயரம் வளர்ந்துவிட்டது. அதைப் பிரித்து வேறிடத்தில் கட்டலாமா என்று சங்கத்தில் ஒரு பேச்சு வந்தபோது, என் சிநேகிதனுடைய கல்லைக் கலைக்க எனக்குக் கை வராது என்றேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடையில் சுத்தியல் அடிக்கும்போது நடுவில் நிறுத்தினால், இன்னும் இரண்டு தட்டு கேட்கும். முதலில் பக்கத்துக் கடை என்று நினைத்தேன். பக்கத்துக் கடை மூடி ஆறு வருடமாகிறது. இது வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

பிறகு இந்த ஏப்ரலில் இரேனே என்ற வெளியூர்ப் பெண் கடைக்கு வந்தாள். சரகோசா நகரத்தில் செவிலியாக இருக்கிறாளாம். காலணியின் அடி பிளந்திருந்தது, ஒட்டிக் கொடுத்தேன். நாளைக்குக் காக்கை முனைக்குப் போகிறேன் என்றாள்.

"மேகம் மூடிட்டா வழி தெரியுமா, ஐயா?"

"கல்லு இருக்கும்மா. கல்லைப் பாத்துப் போனா தப்பாது."

"வரும்போது மேலேருந்து எடுத்த படத்தை உங்களுக்குக் காட்டுறேன்."

கதவருகே போனதும் காலணி நன்றாக இருக்கிறது என்று காட்ட ஒருமுறை தரையில் குதித்தாள். அப்போது என் வாய் திறந்தது. இது உண்மை. என்ன சொல்வது? இடப்பக்கம் போகாதே என்றால், ஏன் என்று கேட்பாள். நான் சுத்தியலை எடுத்தேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. இருபத்தாறு வயது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். நான் ஒட்டிய அடித்தோல் விட்டுப்போகவில்லை என்று மீட்புக்காரர்கள் கொண்டுவந்தபோது பார்த்தேன்.

ஆகவே கோரியை நான் கொன்றேன். இரேனேயையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குவியலில் என் கை வைத்தது மூன்றே கல். மற்றதெல்லாம் ஊர் வைத்தது. என் கடை இழுப்பறையில் நீங்கள் எடுத்த வெள்ளைக் கற்களைப் பற்றியும், புதன்கிழமைகளில் கடை ஏன் பூட்டியிருக்கிறது என்பது பற்றியும் இரண்டு முறை கேட்டீர்கள். இப்போதெல்லாம் மார்கலிதா என்னோடுதான் ஏறுகிறாள். தலை சுற்றுவதில்லை என்கிறாள். மேலே போனதும் அந்தக் குவியலின் உச்சியில் வெள்ளைக் கல் இல்லையென்றால் ஒன்று வைக்கிறோம். இரேனே போவதற்கு முந்தைய புதன்கிழமையும் வைத்தோம். அந்த வெள்ளைக் கற்களை என் மூன்று கல் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவை மார்கலிதாவுடையவை.