நாலு பேர்ல ஒருத்தருக்காவது

தண்ணியப் பத்தியா? அதத்தான் எல்லாரும் கேட்டுட்டுப் போறாங்க டாக்டரம்மா. போன வாரம் ஒரு ஜீப், முந்தாநாள் ஒரு ஜீப். பாட்டில்ல பிடிக்கறாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறாங்க, ஸ்டிக்கர் ஒட்டறாங்க, போயிடறாங்க. ஐயோ, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, வார்னிஷ் ஒட்டிக்கும். இந்த நாற்காலி பரவால்ல. மோட்டாருக்குக் காயில் கட்டற கடைன்னா இப்படித்தான், கைய வச்ச எடமெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். முப்பது வருஷமா இந்த வாசனைதான் எனக்கு. வீட்ல கூட என்னை மூக்காலதான் கண்டுபிடிப்பா, கண்ணால இல்ல.

ஆமா, அதேதான். பூட்டுப் போட்ட அந்தச் சின்ன ரூம் தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் போர் மோட்டார். நான் கட்டின மோட்டார்தான். இப்போ கரண்ட்டப் பிடுங்கிட்டாங்க. எங்க தெருப் பொம்பளைங்க அடுத்த தெருவுக்குப் போய் தண்ணி எடுக்கறாங்க. அங்க என்ன சொல்றாங்க தெரியுமா? உங்க குடம் எங்க குழாய் மேல படக்கூடாதாம். ஒட்டிக்குமாம். நீங்க சிரிக்கறீங்க. தள்ளிப் பிடி, தள்ளிப் பிடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்றப்போ சிரிப்பு வராதுங்க. எங்க வீட்டுக்காரி நேத்து பாதிக் குடத்தோட திரும்பி வந்தா. என்னாச்சுன்னு கேட்டேன். குடத்தத் தொம்முனு வச்சா பாருங்க, அதுதான் பதில்.

சொல்றேன், நீங்க எழுதிக்குங்க.

அன்னைக்கு ஸ்கூல்ல மீட்டிங் போட்டீங்கல்ல? நீங்கதான் பேசினீங்க. பெருங்குடல் கேன்சர் டவுன்லதான் அதிகமா கணக்குல வருது, கிராமத்துல கணக்கு கம்மின்னு சொன்னீங்க. உடனே எங்காளுங்க கை தட்டினாங்க, ஞாபகம் இருக்கா? என்னமோ பரீட்சையில பாஸான மாதிரி. பால்காரன் எந்திரிச்சு நின்னே தட்டினான். ஆனா நீங்க அடுத்து ஒண்ணு சொன்னீங்க. கிராமத்துல நெஜமாவே கம்மியா வருதா, இல்ல நாம கம்மியா தேடறோமான்னு தெரியல, ஏன்னா இங்கேருந்து வர்றவங்க எல்லாம் கடைசி நேரத்துலதான் வந்து சேர்றாங்கன்னு. அது யார் காதுலயும் விழல. கை தட்டற சத்தத்துல போயிடுச்சு.

என் காதுல விழுந்துச்சு. கடைசி வரிசையில கதவோரம் உக்காந்திருந்தேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தும் அதுவேதான் ஓடுச்சு. இந்த ஊர்ல வயித்துக்கோளாறுன்னு போனவங்க எத்தனை பேரு. போஸ்ட்மேன் ஒருத்தர் இருந்தாரு. மூலம் மூலம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, கடைசியில சைக்கிளத் தள்ளிக்கிட்டுதான் வருவாரு, சீட்ல உக்கார முடியல. எங்கப்பா. அவருக்கும் மூலம்தான்னு சொன்னாங்க. வேட்டியத் தானே துவைச்சுக்குவாரு, யாரையும் தொட விடமாட்டாரு. என்ன சுத்தமான மனுஷன்னு நாங்க நெனச்சோம். யாரும் தேடல. தேடாதப்போ எப்படிங்க கணக்குல வரும்? செத்தவங்க எல்லாரும் வேற வேற பேர்லதான் போயிருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

மலத்துல ரத்தம் கலந்திருக்கான்னு பாக்கற குப்பிங்கள நர்சம்மா கொண்டாந்து என் கடையிலதான் வச்சாங்க. எல்லாரும் வந்து போற கடை. அதுவுமில்லாம நான் மோட்டார் கழட்ட எல்லா வீட்டுக்கும் போறவன். அம்பது தாண்டினவங்களுக்கு ஆளுக்கு ஒரு குப்பி, உள்ள கொஞ்சம் மருந்துத் தண்ணி, மூடியிலயே ஒரு குச்சி. குத்தி எடுத்து மூட வேண்டியதுதான். ஆனா எங்க ஆம்பளைங்களுக்கு என்ன வெக்கம்கறீங்க! பால்காரன், அண்ணே, மாட்டோடதுன்னா ஒரு வண்டி தரேன், என்னோடது கேக்காதீங்கன்னான். லாரி டிரைவர் ஒருத்தன், எங்க பக்கத்து வீடு. நான் நிக்கற ஊர்ல எல்லாம் குப்பியும் கையுமா அலையவான்னு கேட்டான். எங்க மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன், குப்பிய வாங்கி சாமி படத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டான். எதிர்க்கடை தையல்காரர் இருக்காரே, அவர்தான் ரொம்பக் கஷ்டம். என் கூடப் படிச்சவர். ஒரு வாரம் பேசினேன். கடைசியில கதவ மூடிக்கிட்டுக் குடுத்தாரு, நாலு காகிதத்துல சுத்தி, மேல நூல் போட்டு, சட்டை டெலிவரி குடுக்கற மாதிரி.

ஆனா குடுத்தாங்க. எல்லாருமே குடுத்தாங்க. அதச் சொல்லணும்.

நானா? என்னை நர்சம்மா கேட்டாங்க. வெளியூர்னு போட்டுக்குங்க, அடுத்த தடவ பாக்கலாம்னு சொல்லிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்றவன் வீட்ல இப்படித்தான்.

அப்புறம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஊர் முழுக்க சுத்தமா வந்துச்சு, எங்க ஒரு தெருவுல மட்டும் நாலு பேருக்கு ரத்தம் கலந்திருக்குன்னு வந்துச்சு. டிரைவர், பால்காரன், மச்சான், தையல்காரர். அடுத்தடுத்து போன். ஒரே தெரு, ஒரே போர். ஜீப் வராம என்ன பண்ணும்? டவுன்ல கூட இப்படி ஒரே எடத்துல வந்ததில்லன்னு உங்க ஆபீசர் ஒருத்தர் சொன்னாராம். மறுநாளே பால்காரன்கிட்ட பால் வாங்கறத நிறுத்திட்டாங்க. மாடு கறந்து சாக்கடையில ஊத்தறான். மச்சான் பொண்ணுக்கு ஒரு எடம் பேசி முடிவாகற மாதிரி இருந்துச்சு. பையன் வீட்ல இப்போ போனே எடுக்கறதில்ல.

ஒவ்வொருத்தரா டவுனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, கேமரா விட்டுப் பாக்க. மொதல்ல டிரைவர். ஒண்ணுமில்லன்னுட்டீங்க. ஊருக்குள்ள நுழையறப்பவே ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். என் குடலுக்கு எஃப்சி ஆயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கையில செப்புக் கம்பி இருந்துச்சு, சுத்திக்கிட்டே இருந்தேன். நிமிந்து பாத்தா சுத்து கணக்குத் தப்பிப் போச்சு, மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் பால்காரன். அவனுக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் மச்சான். வீட்டுக்காரி அழுதா, சந்தோஷத்துலதான். நீ ஏன்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கறன்னு என்னைக் கேட்டா. பசின்னு சொன்னேன்.

நீங்க கேக்கறது புரியுது. நாலு பேருக்கு ரத்தம்னு வந்து, கேமராவுல ஒண்ணுமில்லன்னா, தண்ணியில என்னமோ இருந்து குடல அரிக்குதோன்னு பாக்கறீங்க. அதுக்குத்தான் வந்திருக்கீங்க. அது தெரியற வரைக்கும் பூட்டு தொறக்கப் போறதில்ல.

ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது.

நேத்து தையல்காரர் போயிருந்தாரில்ல, கடைசி ஆள். அவர் கடை பூட்டியிருந்துச்சு. அந்த மெஷின் சத்தம் இல்லாம நான் ஒரு நாள் வேலை பாத்ததில்ல. தெருவே செவிடான மாதிரி இருந்துச்சு. நான் இங்க, இதோ இந்த எடத்துலதான் உக்காந்து வேண்டிக்கிட்டேன். அவருக்கு இருக்கணும்னு.

ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. இருக்கணும்னுதான்.

அவர் மேல எனக்கு என்ன கோவம்? ஒண்ணுமில்ல. எங்க கல்யாணத்துக்குச் சட்டை தைச்சவர். எங்கப்பா போனப்போ ராத்திரி முழுக்க என் பக்கத்துல உக்காந்திருந்தவர். அவருக்கு ஒரு கட்டி இருக்கட்டும், சின்னதா, வெட்டி எடுக்கற மாதிரி இருந்தாப் போதும்னு வேண்டிக்கிட்டேன். மனசுக்குள்ள அவரோட பேரம் பேசறேன் டாக்டரம்மா. உங்களுக்குத்தான் சீக்கிரம் பாத்துட்டாங்களே, டவுன்காரங்க மாதிரி பொழைச்சுக்குவீங்க, எனக்காக இத வாங்கிக்குங்கன்னு. என்ன மனுஷன் நான்? டிரைவர் போனப்பவும் அப்படித்தான். பால்காரன் போனப்பவும். மச்சான் போனப்போ கூட. ரெண்டு பொண்ணுங்க இருக்கு அவனுக்கு. நாலு பேர்ல ஒருத்தருக்காவது இருந்துடணும்னு. அப்படி இருந்துட்டா, சரி, தண்ணியிலதான் கோளாறு, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எல்லாரும் ஒண்ணா ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பஸ்ஸுல வரிசையா உக்காந்துக்கிட்டுன்னு நெனப்பு. தனியா இருக்க வேண்டாம் பாருங்க.

சாயங்காலம் வந்தாரு. நேரா என் கடைக்குத்தான் வந்தாரு, வீட்டுக்குக் கூடப் போகல. ஒண்ணுமில்லடான்னு சொல்லி என் தோள்ல கை வச்சாரு. கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துச்சு. அவர் அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு.

இருங்க, அந்தத் தகரப் பெட்டியக் காட்டறேன். கிட்ட வாங்க. இதுக்குள்ளதான் காயிலக் காயவைப்பேன். வார்னிஷ் அடிச்சு உள்ள வச்சு, பெரிய பல்பப் போட்டு மூடிட்டா, காலையில கல்லு மாதிரி இறுகியிருக்கும். மேல கைய வச்சுப் பாருங்க. ம்? சுடுதில்ல? அன்னைக்கு வாங்கின குப்பிங்கள ஒரு பையில போட்டு இது மேலதான் வச்சேன். கீழ வச்சா எலி இழுக்கும்னு. குளிர்ச்சியா வைக்கணும்னு நர்சம்மா சொல்லித்தான் இருந்தாங்க. பெட்டி அணைஞ்சிருந்தா குளிர்ச்சிதான். அன்னைக்கு அவசர வேலை ஒண்ணு வந்துச்சு, பல்பப் போட்டுட்டேன். பையி ஞாபகமே இல்ல.

காலையில பாத்தா அடியில இருந்தது எல்லாம் நெளிஞ்சு போய், மூடி கழண்டு, உள்ள இருந்த தண்ணி வத்திப் போச்சு. கடைசியா வாங்கினதாச்சே, எங்க தெருவோடது. அதத் தனியா ஒரு பொட்டலமாக் கட்டி அடியில போட்டிருந்தேன். மத்ததெல்லாம் மேல நல்லாத்தான் இருந்துச்சு.

ஆமா. அந்த நாலுதான்.

குப்பிங்கள எடுத்துட்டுப் போற ஜீப் வர்ற நேரம். திரும்பக் கேக்கலாம்தான். தையல்காரர்கிட்டப் போய், நீங்க குடுத்தத நான் பல்புல வாட்டிட்டேன், இன்னொரு தடவை குடுங்கன்னா, அந்த மனுஷன் ஜென்மத்துக்கும் குடுக்கமாட்டாரு. டிரைவர் விடியறதுக்குள்ள லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டான். நர்சம்மாவுக்குக் கணக்குக் கொறைஞ்சா மேலருந்து திட்டு. புதுக் குப்பி மூணு மிச்சம் வச்சுட்டுப் போயிருந்தாங்க, என்னோடது ஒண்ணு டிராயர்ல காலியாக் கெடந்துச்சு. பேர் எழுதின ஸ்டிக்கரு சூட்டுல தானா உரிஞ்சு வந்துச்சு. நாலு குப்பியையும் நெறைச்சு, மேல அத எடுத்து ஒட்டினேன். எல்லாருமே திடமா இருக்கற ஆளுங்க, எதுல என்ன வரப்போகுதுன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு பழக்கம், ஒரு காயில் கருகியிருக்கான்னு பாக்கணும்னா நாலு எடத்துல தொட்டுப் பாப்பேன். கருகின காயில் நாலு எடத்துலயும் ஒரே பதில்தாங்க சொல்லும்.

எழுதறத ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. தண்ணி நல்ல தண்ணின்னு எழுதுங்க. நானே வேணா கையெழுத்துப் போடறேன். பால்காரன் மாடு பாவம். மச்சான் பொண்ணு எடத்துக்கு நீங்களே ஒரு போன் போட்டாலும் நல்லது, டாக்டர் பேசினா நம்புவாங்க. தையல்காரர்கிட்ட மட்டும் நான் சொல்லிக்கறேன். அது என் வேலை.

யாரோடதுன்னா? அந்நேரத்துல கடையில நான் ஒருத்தன்தானே இருந்தேன்.

ரத்தமா? இருந்துச்சுங்க. ஒரு வருஷத்துக்கு மேலயே. நாள் பூரா உக்காந்து வேலை பாக்கறவனாச்சே, மூலம்னு நெனச்சுக்கிட்டேன். துணிய நானே துவைச்சுக்கறேன். வீட்டுக்காரி சிரிக்கறா, இந்த வயசுல பொண்டாட்டி மேல கரிசனம் வந்துடுச்சுன்னு.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்க முகம் அப்படி மாறினா அவளுக்குத் தெரிஞ்சுடும். அதோ வர்றா பாருங்க.

என்னடி? ஒண்ணுமில்ல, டாக்டரம்மாதான், பேசிக்கிட்டிருக்கோம். எல்லாம் நல்ல சேதிதான். நம்ம தண்ணியில ஒண்ணுமே இல்லையாம். பூட்டத் தொறக்கப் போறாங்களாம். போ, போய் எல்லார்கிட்டயும் சொல்லு.